மீன் தொட்டியில் நீர்மருந்தும் செடியுரமும்

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்போர் நம் பகுதியில் பலர். மீனோடு நீர்ச்செடியும் சேர்த்து வளர்ப்போர் சிலரே. அந்தச் சிலரிடம் ஓர் ஐயம் ஓயாமல் எழுவதைக் கண்டிருக்கிறேன். குழாய் நீரின் குளோரினைப் போக்க ஊற்றும் மருந்து, செடிக்கு ஊற்றும் திரவ உரத்தைக் கெடுத்துவிடாதா என்பதே அது. வேதியியல் பயிலும் மாணவன் என்ற முறையில் இதற்கு விடை காண முயல்கிறேன்.

நீரைப் பக்குவப்படுத்துவது நமக்குப் புதிதன்று. ஆற்றில் புதுவெள்ளம் கலங்கி வரும் நாளில், பானையின் உட்புறம் தேற்றாங்கொட்டையை உரைத்து நீரைத் தெளியவைத்த வழக்கம் தமிழருக்கு உண்டு. ஆனால் தேற்றாங்கொட்டை சேற்றைத்தான் படியவைக்கும். குளோரினை அதனால் ஒன்றும் செய்ய இயலாது. குடிநீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்று இந்தியத் தர நிறுவனத்தின் விதி கூறுகிறது. நமக்குக் காவலாகும் அந்தக் குளோரினே மீனின் செவுளை அரிக்கிறது. கழிவைச் சிதைத்துத் தொட்டியைக் காக்கும் நுண்ணுயிர்களையும் கொல்கிறது.

கடைக்காரர்கள் ‘ஆன்ட்டி குளோரின்’ என்று தரும் புட்டியில் பெரும்பாலும் இருப்பது சோடியம் தயோசல்ஃபேட். புகைப்படக் கலைஞர்கள் இருட்டறையில் கையாண்ட ‘ஹைப்போ’ இதுவேதான்! இது குளோரினைச் சில நொடிகளில் தீங்கற்ற குளோரைடாக மாற்றிவிடும். செடிக்கு வேண்டிய நைட்ரேட்டையோ, பாஸ்பேட்டையோ, சாம்பல் சத்தையோ இது தொடுவதில்லை. ஆகவே வெறும் ஹைப்போவுக்கும் உரத்துக்கும் பகை இல்லை.

விலை கூடிய சில மருந்துகளில் வேறொரு பொருளும் உண்டு. அதுதான் ஈ.டி.டி.ஏ. செம்பு, ஈயம் போன்ற உலோகங்களை அது நண்டு தன் கொடுக்கால் கவ்வுவது போலப் பிடித்துக்கொள்ளும். தாமிர அண்டாவிலும் பித்தளைக் குடத்திலும் நீர் பிடித்து வைக்கும் வீடுகளுக்கு இது உதவும். செம்பு மீனுக்கு நஞ்சு, இறாலுக்கோ கொடிய நஞ்சு. ஆனால் செடியுரத்தில் உள்ள இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம், செம்பு ஆகியவையும் உலோகங்கள்தாமே? மருந்து அவற்றையும் கவ்விவிடாதா?

கவ்வும். ஆயினும் அச்சத்துக்கு இடமில்லை என்பதே என் கருத்து. திரவ உரம் தயாரிப்போரே இரும்பைப் பெரும்பாலும் ஈ.டி.டி.ஏ.வின் பிடியில் வைத்துத்தான் புட்டியில் அடைக்கின்றனர். அவ்வாறு பிடித்து வைக்காவிடில் இரும்பு காற்றோடு கூடித் துருவாகி அடியில் படிந்துவிடும். பிடியில் உள்ள இரும்பையே செடி சிறிது சிறிதாக வாங்கிக்கொள்கிறது. எனவே மருந்து கவ்விய இரும்பு காணாமற் போவதில்லை. கை மாறுகிறது, அவ்வளவே. மருந்தை அளவுக்கு மீறி ஊற்றினால் மட்டுமே நுண்சத்துகள் செடிக்கு எட்டாமற் போகக்கூடும்.

உண்மையான திருடன் வேறு. கடின நீரில் அமில காரநிலை 7-க்கு மேல் ஏறும்போது, நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து ஈ.டி.டி.ஏ.வின் கையிலிருந்து இரும்பைத் தள்ளிவிட்டுத் தான் அங்கே அமர்ந்துகொள்கிறது. தள்ளப்பட்ட இரும்பு துருவாகிறது. புதுத் தளிர் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இதை ஐயுறலாம். பழுத்த இலையே முதலில் மஞ்சளானால் அது தழைச்சத்துக் குறைவு. இரும்பை ஊற்றிப் பயனில்லை. கடின நீர் உள்ளவர்கள் டி.டி.பி.ஏ. சேர்ந்த இரும்பு உரத்தை வாங்குவது நன்று. அதன் பிடி 7.5 வரை தளராது. வாரத்துக்கு ஒருமுறை கொட்டுவதைவிட நாள்தோறும் சில துளி விடுவது மேல்.

எது முன், எது பின் என்பதை நம் உழவர்கள் நன்கு அறிவர். நடவுக்கு முன் ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை 20 கிலோ மணலோடு கலந்து தூவுவார்கள், டி.ஏ.பி.யோடு கலக்கமாட்டார்கள். கலந்தால் மணிச்சத்தும் துத்தநாகமும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, இரண்டும் பயிருக்கு எட்டாமல் போகும். தொட்டிக்கும் இந்த முறையே பொருந்தும். முதலில் புது நீரை வாளியில் பிடித்து மருந்திட்டுக் கலக்க வேண்டும். பிறகு அதைத் தொட்டியில் விட வேண்டும். உரம் அதன் பின்னரே. குளோரின் போகாத நீரில் உரத்தை விட்டால், குளோரின் இரும்பையும் மாங்கனீசையும் ஆக்ஸிகரித்து வீணாக்கும். உரத்துக்கு மறுநாள் வரை காத்திருப்பது இன்னும் பாதுகாப்பு. இரண்டையும் ஒரே குவளையில் கலப்பதை மட்டும் அறவே தவிர்க்க வேண்டும்.

டெல்டா வீடுகளில் திண்ணையோரம் யூரியா மூட்டை இருக்கும். ஒரு சிட்டிகை போட்டால் என்ன என்று கை துறுதுறுக்கும். வேண்டாம்! யூரியா நீரில் அம்மோனியாவாக மாறும். 25 பாகை வெப்பத்தில், காரநிலை 7-ல் அதில் அரை சதவீதத்துக்குச் சற்று மேல்தான் நச்சு வடிவில் இருக்கும். 8-ல் அது 5 சதவீதத்தைத் தாண்டிவிடும். வயலுக்கு ஏற்றது நாற்பது லிட்டர் தொட்டிக்கு ஏற்காது.

ஆழ்குழாய்க் கிணற்று நீரை நேரே பயன்படுத்துவோருக்கு ஆன்ட்டி குளோரின் தேவையே இல்லை. அதில் குளோரின் கிடையாது. அந்த நீரை ஓர் இரவு காற்றாட வைத்தால் போதும். கடின நீரானாலும் வேலம்பாசிக்குக் கவலையில்லை. நீரில் கரைந்துள்ள பைகார்பனேட்டிலிருந்தே கரியை எடுத்துக்கொள்ளும் ஆற்றல் அதற்கு உண்டு, வாலிஸ்நேரியாவுக்கும் உண்டு. 1850-இல் இலண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலார் பொன்மீனையும் நத்தையையும் சேர்த்து வளர்த்த தொட்டியில் நட்டது அந்த வாலிஸ்நேரியாவைத்தான். அவரிடம் மருந்துப் புட்டியும் இல்லை, உரப் புட்டியும் இல்லை.