கொழுப்பு நோய்க்கு நிபுணர் யார்?

ஸ்ரீபெரும்புதூர் என்றால் முன்னாளில் இராமானுசர் பிறந்த ஊர் என்பதே மக்களின் நினைவுக்கு வரும். இன்று இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை மோட்டார் ஆலைகள் வரிசையாக நிற்கின்றன. ஷிப்டு மாறும் வேளையில் கம்பெனிப் பேருந்துகள் சாலையை அடைத்துக்கொண்டு செல்கின்றன. ஊர் ஊராகப் பிரிந்து வந்த இளங்குடும்பங்கள் இங்கே வாடகை வீடுகளில் குடியேறியுள்ளன.

இத்தகைய குடும்பம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். தந்தைக்கு வயது 34. புகை, குடி எதுவும் இல்லாதவர். ஆலையில் நடந்த மருத்துவப் பரிசோதனையில், அவருடைய இரத்தத்தில் எல்.டி.எல். என்னும் கொழுப்பு 190-க்கு மேல் இருப்பதாகச் சீட்டு வருகிறது. அவருடைய தந்தையாரோ 45 வயதில் மாரடைப்பால் திடீரென இறந்தவர். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு மனைவி கேட்கிறார்: "இதை யாரிடம் காட்டுவதுங்க?"

இந்த எளிய கேள்விக்கு விடை அத்துணை எளிதன்று.

கொலஸ்டிரால் நஞ்சன்று, உடலின் ஒவ்வோர் அணுவுக்கும் தேவையான பொருள். அதன் பெரும்பகுதியை நம் உடலே உண்டாக்குகிறது. எல்.டி.எல். துகள்களை இரத்தத்திலிருந்து விலக்குவது ஈரலின் வேலை. அதற்கான வாயில்களைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் என்னும் அமெரிக்க மருத்துவர் இருவரும் 1985-இல் நோபல் பரிசு பெற்றனர். சிலருக்கு இவ்வாயில்கள் பிறவியிலேயே குறைவு. ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு இக்குறை உண்டு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆகவே அந்தச் சீட்டு தந்தையை மட்டும் பற்றியதன்று. பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளையும் பற்றியது.

அமெரிக்காவில் கொழுப்பு மருத்துவத்திற்கெனச் சான்றளிக்கும் தனி வாரியம் 2003-இல் நிறுவப்பட்டது. ஏற்கெனவே தகுதி பெற்ற மருத்துவர்களை அது தேர்வு வைத்துச் சான்றளிக்கிறது. இந்தியாவிலோ நிலைமை வேறு. எம்.பி.பி.எஸ்., அதன்மேல் பொது மருத்துவத்தில் எம்.டி., அதற்கும் மேல் இதய மருத்துவத்திலோ நாளமில்லாச் சுரப்பி மருத்துவத்திலோ டி.எம். என்று படிகள் உள்ளன. கொழுப்பு மருத்துவம் என்று தனியான டி.எம். பட்டம் கிடையாது. குறுகிய காலப் பயிற்சிகள் அறிவை வளர்க்கும். ஆனால் அவை பட்டத்திற்கு ஈடாகா.

தனி அங்கீகாரம் வேண்டும் என்போர் கூறும் நியாயம் ஒன்று உண்டு. பரம்பரைக் கொழுப்பு நோயாளி, மாரடைப்பு வரும்வரை இதய மருத்துவரிடம் செல்வதில்லை. சர்க்கரை இல்லாததால் சர்க்கரை மருத்துவரிடமும் செல்வதில்லை. இருவருக்கும் நடுவே அவர் தவறிவிடுகிறார். மறுபுறமும் நியாயம் இல்லாமல் இல்லை. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் நாடெங்கும் நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நூறு பேரில் 81 பேருக்கு ஏதேனும் ஒருவகைக் கொழுப்பின் அளவு பிறழ்ந்துள்ளது. இத்தனை பேருக்கும் நிபுணரைத் தேடினால் எங்கே போவது? ஒவ்வொரு பொது மருத்துவரும் இதை அறிந்திருப்பதே வழி என்பர். இந்திய இதயவியல் சங்கம் 2024-இல் இதற்கென நெறிமுறைகளை வெளியிட்டது. 18 வயதிலேயே முதற்பரிசோதனை, குடும்பத்தில் நோய் இருப்பின் அதற்கும் முன்னரே என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று.

அங்கீகாரம் வரும்வரை நாம் செய்யக்கூடியது என்ன?

முதலாவது, பெயர்ப்பலகையை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். ஒரு துறையில் தனித் தகுதி பெறாத மருத்துவர் தம்மை அத்துறையின் நிபுணர் எனக் கூறிக்கொள்ளலாகாது என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகள் தடுக்கின்றன. மருந்துச் சீட்டில் பதிவெண் இருத்தல் வேண்டும் என்பதும் அவ்விதிகளில் உண்டு. அவ்வெண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டில் சரிபார்க்கலாம். கேட்பது அவமதிப்பன்று, நம் உரிமை.

இரண்டாவது, பொது மருத்துவத்தில் எம்.டி. பெற்றவரிடமோ இதய மருத்துவரிடமோ சென்று, குடும்பத்தில் யார் எந்த வயதில் மாரடைப்புக்கு ஆளானார் என்பதை மறைக்காமல் கூறுங்கள். "இது பரம்பரையாக வந்ததா? என் பிள்ளைகளுக்கும் பரிசோதனை தேவையா?" என்று கேளுங்கள். இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் தங்கள் மருந்தகத்திலேயே தொடங்கலாம்.

மூன்றாவது, மாத்திரை எழுதித் தந்தால், அளவு குறைந்துவிட்டது என்று தாமாகவே நிறுத்திவிட வேண்டாம். குறைந்தது மாத்திரையினால்தான், நிறுத்தினால் மீண்டும் ஏறும்.

தாத்தாவின் காலத்தில் இந்தச் சீட்டு இல்லை, கேட்பாரும் இல்லை. இன்று சீட்டு கையில் இருக்கிறது. அலமாரியில் அதை மடித்து வைத்துவிடாமல், இந்த வாரமே ஒரு நல்ல மருத்துவரிடம் கொண்டு செல்வது, பிள்ளைகளுக்கு நாம் சேர்த்து வைக்கும் சொத்துகளில் ஒன்றாகும்.