மீண்டும் வந்த நோயும் மீண்டு வந்த மனமும்

நோயுற்ற உடலுக்கு மருத்துவர் உண்டு. நோயாளியின் அருகில் இருப்பவரின் மனத்துக்கு மருந்து எது? இக்கேள்விக்கு என் இல்லத்திலேயே விடை தேட நேர்ந்தது.

என் கணவருக்குப் புராஸ்டேட் புற்றுநோய். ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே, சிறுநீர்க்குழாயைச் சுற்றி அமைந்த சுரப்பி அது. அறுவை செய்து அகற்றினார்கள். தொல்லை தீர்ந்தது என்றே நம்பினோம். மூன்று ஆண்டுகள் கழித்து, ‘பி.எஸ்.ஏ.’ என்னும் இரத்தப் பரிசோதனை எண் மெல்ல ஏறியது. சுரப்பியை அகற்றியபின் ஏறத்தாழச் சுழியமாக இருக்க வேண்டிய எண் அது. மில்லிலிட்டருக்கு 0.2 நானோகிராமை எட்டி, மறு பரிசோதனையிலும் குறையாதிருந்தால் நோய் திரும்பியதாகக் கொள்வர். முதன்முறை துணிந்து நின்ற நாங்கள் இம்முறை தளர்ந்தோம். ஒருமுறை நம்பி ஏமாந்த மனம் மறுபடி நம்ப அஞ்சுகிறது.

ஆண்மை இயக்குநீரான டெஸ்டோஸ்டிரோன் இப்புற்று வளரத் துணை செய்கிறது. அதைக் குறைத்தால் நோய் தணியும் என்று 1941-இல் காட்டியவர், சிகாகோவில் பணியாற்றிய சார்லஸ் ஹக்கின்ஸ். 1966-இல் அவர் நோபல் பரிசு பெற்றார். இன்று ஊசி மருந்தாலேயே அச்சுரப்பை அடக்குகிறார்கள். என் கணவருக்கும் அந்த ஊசிதான்.

இயக்குநீர்களைப் பற்றி வகுப்பில் பாடம் நடத்துபவள் நான். ஆயினும் அப்பாடம் வீட்டில் எனக்குக் கைகொடுக்கவில்லை. ஊசி போட்ட சில வாரங்களில் அவர் நள்ளிரவில் வியர்த்து எழுந்தார். பகலெல்லாம் அயர்ச்சி. சிறு சொல்லுக்கும் சினம். சிலவேளை காரணமின்றிக் கண்ணீர். என்னைவிட்டு விலகியே இருந்தார். என்மீது வெறுப்போ என்றெண்ணி நானும் பேச்சைக் குறைத்தேன். இருவர் இருந்தும் வீடு ஊமையாயிற்று.

மருத்துவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். “அம்மா, இது மருந்தின் வேலை, அவர் மனத்தின் வேலையன்று. மாதவிலக்கு நிற்கும் காலத்தில் பெண்களுக்கு வரும் வெக்கை போன்றதுதான் இதுவும். தாம்பத்திய நாட்டம் குறைவதும் மருந்தாலேதான்” என்றார். அன்றிரவு அதை அவரிடம் சொன்னேன். நெடுநேரம் கழித்து, “உனக்குப் பாரமாகிவிட்டேனே என்றுதான் வாய் திறக்கவில்லை” என்றார். எனக்கு அழுகை வந்தது.

அதன்பின் சில பழக்கங்களைக் கைக்கொண்டோம். சினம் எழுந்தால், “ஊசி பேசுகிறது” என்று சிரித்துக்கொள்வோம். மாலையில் இருவரும் நடக்கச் செல்வோம். அயர்ச்சிக்கும் மருந்தால் தளரும் தசைக்கும் நடை நல்லது. என் அச்சத்தை அவர்மேல் கொட்டாமல், உடன் பணிபுரியும் தோழி ஒருத்தியிடம் சொல்லி ஆறுகிறேன். துயரம் நாள்கணக்கில் நீடித்தால் அதையும் மருத்துவரிடம் மறைப்பதில்லை.

மாணவ நண்பர்களே! உங்கள் இல்லத்திலும் நோயுற்ற பெரியவர் ஒருவர் சிடுசிடுக்கலாம். அவரை வெறுக்குமுன், அவர் உட்கொள்ளும் மருந்து என்னவென்று கேளுங்கள். அருகில் இருந்து பார்ப்பவரையும் “நீங்கள் சாப்பிட்டீர்களா?” என்று ஒரு சொல் கேளுங்கள்.

எங்களுக்கு அடுத்த பரிசோதனை அடுத்த மாதம். எண் எதுவாயினும் இருவரும் சேர்ந்தே படிப்போம்.