பிட்டித் தீவுக்குள் எட்டிப் பார்க்கலாமா?

சரணாலயம் என்றதும் காடு, ஜீப், வாட்ச் டவர் என்று கற்பனை ஓடுகிறதா? நிறுத்துங்கள்! லட்சத்தீவில், கவரத்திக்கு வடக்கே சுமார் 24 கிலோமீட்டர் தள்ளி ஒரு சரணாலயம் இருக்கிறது. அங்கே மரம் இல்லை, புல் இல்லை, குடிக்கத் தண்ணீர்கூட இல்லை. பவளச் சில்லும் மணலும் ஒதுங்கிச் சேர்ந்த 1.2 ஹெக்டேர் திட்டு, அவ்வளவுதான். பெயர் பிட்டி. உள்ளூர்க்காரர்களுக்குப் பட்சிப்பிட்டி.

முட்டையிடும் காலத்தில் அங்கே திங்கட்கிழமைக் காலை மும்பையின் கல்யாண் ஃபாஸ்ட் ரயில் தோற்றுப்போகும் நெரிசல். கருப்பு முதுகு ஆலா, பெரிய கொண்டை ஆலா, பழுப்பு நாடி எனக் கடற்பறவைகள் எல்லாம் தோளோடு தோள். கத்தல் வேறு!

இனி உள்ளே நடக்கும் கூத்துக்கு வருவோம். கொண்டை ஆலா கூடு என்று எதையும் கட்டாது. மணலில் லேசாக ஒரு குழி, அதில் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை. நெருங்கிப் பார்த்தால் ஒன்றில் மைத்தெறிப்பு போலப் புள்ளிகள், பக்கத்து முட்டையில் கிறுக்கல் கோடுகள், அடுத்ததில் திட்டுத்திட்டாகப் பழுப்பு. அந்த டிசைன்தான் அடையாள அட்டை. அத்தனை கூட்டத்திலும் தன் முட்டையைத் தாயும் தகப்பனும் கண்டுபிடித்துவிடும்.

கருப்பு முதுகு ஆலாவின் கதை இன்னும் தலைசுற்ற வைப்பது. கடலிலேயே பிழைப்பு, ஆனால் இறகில் தண்ணீர் ஒட்டாமலிருக்கப் போதிய எண்ணெய்ப் பசை இல்லை. அதனால் அலைமேல் உட்கார்ந்து ஓய்வெடுக்க முடியாது. குஞ்சு ஒருமுறை சிறகு விரித்துக் கிளம்பினால், முட்டையிடத் திரும்பும்வரை பல ஆண்டுகள் வானத்திலேயே வாழ்க்கை!

சரி, போய்ப் பார்க்கலாமா? அங்கேதான் சிக்கல். நிழலே இல்லாத திட்டில் குடை பெற்றோரின் உடம்புதான். நாம் கால் வைத்தால் மொத்தக் கூட்டமும் எழும்பும். சில நிமிட வெயில் போதும், முட்டைக்குள் இருக்கும் கரு வெந்துவிடும். மிச்சத்துக்கு நண்டு காத்திருக்கிறது. படகில் தள்ளி நின்று பார்ப்பவர்தான் என் கணக்கில் நல்ல விருந்தாளி.

எட்டிப் பார்க்கும் ஆசை புதிதல்ல. பத்து வருடம் கழித்துக் காங்கிரஸைத் தொடங்கப்போகும் ஏ.ஓ. ஹியூம், 1875லேயே பறவை தேடி லட்சத்தீவைச் சுற்றியவர். (அரசியலைவிடப் பறவையில்தான் அவருக்கு ருசி அதிகம் என்று எனக்கு ஒரு சந்தேகம்.) 1991ல் சென்னையின் மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி பிட்டியைப் பற்றித் தனி ஆய்வு நூலே வெளியிட்டது. 1995ல் சரணாலயம்.

ஆனால் மணலை மட்டும் காத்தால் போதுமா? சாப்பாடு கடலில் அல்லவா? 2020ல் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 62 சதுர கிலோமீட்டருக்குப் பி.எம். சயீத் கடற்பறவைகள் பாதுகாப்பகம் அறிவிக்கப்பட்டது. இதில் மீனவருக்கும் லாபம் உண்டு. தூண்டில் கழியோடு சூரை பிடிக்கப் போகும் லட்சத்தீவுக்காரர் முதலில் பார்ப்பது வானத்தை. பறவை மொய்க்கும் இடத்துக்குக் கீழே மீன் இருக்கும். பறவை எச்சமோ பவளத்துக்கு உரம். இந்தியப் பெருங்கடலின் சாகோஸ் தீவுகளைப் பற்றி 2018ல் வெளியான ஆய்வு சொன்னதைக் கேளுங்கள்: எலி ஏறாத, பறவை நிறைந்த தீவுகளைச் சுற்றி மீன்வளம், எலி ஏறிய தீவுகளைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு!

மும்பையில் இருக்கும் நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? அரபிக்கடலில் புயலோ பெருமழையோ வந்தால், களைத்துப்போன கடற்பறவைகள் மும்பைப் பக்கம் வந்து விழுவதுண்டு. செம்பூர் மொட்டைமாடியோ கல்யாண் சொசைட்டி வாசலோ, எங்கே கண்டாலும் கடலில் கொண்டுபோய் விடாதீர்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து மூடிவிட்டு, மகாராஷ்டிர வனத்துறையின் 1926க்குப் போன் போடுங்கள். அலகால் குத்தும், அதனால் துண்டு போட்டுத் தூக்குங்கள்!