கதை வளரும் வகுப்பறை – 14: நாய்க்கு ஓர் அலமாரி

பாட்டியிடம் கேட்ட கதையைப் பிள்ளைகள் தம் சொற்களில் திருப்பிச் சொன்னதைச் சென்ற வாரம் பார்த்தோம். கேட்ட கதையைச் சொல்லத் தெரிந்த பிள்ளையிடம், இதுவரை யாரும் சொல்லாத ஒரு கதையை எழுது என்றால் என்ன நடக்கும்? ஆசிரியப் பணியின் தொடக்கத்தில் நான் அப்படித்தான் கேட்டேன். நாற்பது நோட்டுகளிலும் ஏறக்குறைய ஒரே ராஜா, ஒரே காடு. கடைசி வரியில் தவறாமல் ஒரு நீதி. பிள்ளைகளுக்குக் கற்பனை வற்றிவிட்டதோ என்று அன்று வருந்தினேன். கற்பனைக்கும் ஓர் இலக்கணம் உண்டு, அதை நான்தான் கற்றுக்கொடுக்கவில்லை என்பது பல ஆண்டுகள் கழித்து ஒரு புத்தகத்தைப் படித்தபோது புரிந்தது.

அந்தப் புத்தகத்தின் பெயரே ‘கற்பனையின் இலக்கணம்’தான். எழுதியவர் இத்தாலியின் ஜானி ரொடாரி. 1920-இல் ஓமேஞா என்ற ஏரிக்கரை ஊரில், ரொட்டி சுடுபவரின் மகனாகப் பிறந்தவர். இளம் வயதில் தொடக்கப் பள்ளி ஆசிரியர். பிறகு பத்திரிகையாளர், குழந்தை எழுத்தாளர். 1970-இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது பெற்றார். 1972 மார்ச் 6 முதல் 10 வரை ரெஜ்ஜோ எமிலியா நகரில், மழலையர் பள்ளி முதல் நடுநிலைப் பள்ளி வரை கற்பிக்கும் ஐம்பது பேர் அளவிலான ஆசிரியர்களோடு உட்கார்ந்து, கதை எப்படிப் பிறக்கிறது என்று பேசினார். அந்த ஐந்து நாள் பேச்சு அடுத்த ஆண்டே நூலானது. நூலை அந்த நகரத்துக்கே காணிக்கையாக்கினார்.

அவர் சொல்லித்தந்த முதல் வழி மிக எளியது. ஒரு மாணவர் கரும்பலகையின் இந்தப் பக்கம் ஒரு சொல் எழுதுவார். இன்னொருவர் மறுபக்கம், முதல் சொல்லைப் பார்க்காமல், வேறொன்று எழுதுவார். பலகையைத் திருப்பினால் ‘நாய்’, ‘அலமாரி’ என்று இரண்டு சொற்கள் நிற்கும். ‘குதிரை’யும் ‘நாயு’ம் என்றால் பயனில்லை, இரண்டும் ஒரே இனம், பக்கத்தில் பக்கத்தில் பேசாமல் நின்றுவிடும். இரண்டு சொற்களும் ஒன்றுக்கொன்று அந்நியமாக இருக்க வேண்டும். அப்போதுதான் அவற்றைச் சேர்த்துவைக்க மனம் வேலை செய்யத் தொடங்கும். இதற்குக் ‘கற்பனை இணை’ என்று பெயர் வைத்தார் ரொடாரி.

சேர்த்துவைப்பது எப்படி? இத்தாலிய மொழியில் சொல்லுக்கு முன்னால் வரும் சிறு இணைப்புச் சொற்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கச் சொன்னார். இதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நம்மிடம் அந்த வேலையைச் செய்ய வேற்றுமை உருபுகள் இருக்கின்றனவே! ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று பிள்ளைகள் தேர்வுக்காக ஒப்பித்து மறந்துபோகும் அதே உருபுகள்.

போட்டுப் பாருங்கள். ‘நாய்க்கு ஓர் அலமாரி’ என்றால், எதை வைக்க? எலும்பையா, தான் இழந்த எசமானரின் சட்டையையா? ‘நாயோடு அலமாரி’ என்றால் இருவரும் எங்கே கிளம்பிவிட்டார்கள்? ‘அலமாரியில் நாய்’ என்றால் உள்ளே வைத்துப் பூட்டியது யார்? ‘அலமாரி நாயை’ என்று எழுதிவிட்டு யாராலும் நிறுத்த முடியாது. இரண்டாம் வேற்றுமை ஒரு வினையைக் கேட்டே தீரும். விழுங்கியதா, ஒளித்ததா, சுமந்ததா? விளியைப் போட்டு ‘அலமாரியே!’ என்றால் நாய் எதையோ கேட்டுக் கெஞ்சுகிறது. ஓர் உருபு மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு புதிய கதையின் கதவு திறக்கிறது.

ஏழாம் வகுப்பில் இதைச் செய்தோம். பலகையில் வந்த சொற்கள் ‘தவளை’, ‘தையல் மிஷின்’. உருபுகளை மாற்றி மாற்றிப் போட்டதில் வகுப்பே கலகலத்தது. ஒரு மாணவி ‘தையல் மிஷினுக்குள் தவளை’ என்பதை எடுத்துக்கொண்டாள். அவள் எழுதிய ஊரில் ஓர் அம்மா மிஷின் மிதிக்கும்போதெல்லாம் உள்ளே தவளை கத்தும். கத்தினால் மழை வரும். அழகான தொடக்கம். அரைப் பக்கத்தோடு நின்றுவிட்டது. “டீச்சர், இதுக்கு மேல போகல” என்றாள்.

தொடங்கிவைக்க ஓர் இணை போதும். கதை நடந்து போக எலும்புகள் வேண்டும். அதற்குத்தான் ரொடாரி ரஷ்ய அறிஞர் விளாதிமிர் பிராப்பிடம் போனார். பிராப் ஆராய்ந்த கதைகளைத் தேவதைக் கதை என்று பொதுவாகச் சொல்கிறோம். தேவதையே வராத மாயக்கதைகள்தான் அவற்றில் அதிகம். அஃபனாசியெவ் தொகுத்த ரஷ்ய நாட்டுப்புறக் கதைகளிலிருந்து அப்படி நூறு மாயக்கதைகளைப் பிரித்துப் பார்த்து, 1928-இல் பிராப் ஒரு நூல் எழுதினார். ஒரு கதையில் அரசன் வீரனுக்குக் கழுகு கொடுக்கிறான். இன்னொன்றில் கிழவர் குதிரை கொடுக்கிறார். வேறொன்றில் மந்திரவாதி படகும், மற்றொன்றில் இளவரசி மோதிரமும் கொடுக்கிறார்கள். ஆட்களும் பொருள்களும் மாறினாலும் செயல் ஒன்றே: யாரோ ஒருவர் பயணத்துக்குத் துணையாக ஒன்றைத் தருகிறார். இப்படி 31 செயல்களை அவர் வரிசைப்படுத்தினார். எல்லாம் எல்லாக் கதையிலும் வருவதில்லை. வருபவை பெரும்பாலும் ஒரே வரிசையில் வருகின்றன.

சோவியத் நாட்டிலிருந்து தமிழில் வந்த குழந்தை நூல்களோடு வளர்ந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. ரஷ்யக் கதையில் வரும் கொஷேய் என்ற கொடியவனின் உயிர் ஊசி முனையில். ஊசி முட்டைக்குள், முட்டை வாத்துக்குள், வாத்து முயலுக்குள், முயல் பெட்டிக்குள். நம் பாட்டி சொன்ன அரக்கனின் உயிரோ ஏழு கடல், ஏழு மலை தாண்டி ஒரு கிளிக்குள். கடல் வேறு, பறவை வேறு, எலும்பு ஒன்று.

ரொடாரி 31-ஐ இருபதாகச் சுருக்கினார். அவை சீட்டுகளாக வரையப்பட்டன. விலக்கு, விலக்கை மீறல், புறப்பாடு, கொடையாளி, மாயப்பொருள், போராட்டம், திரும்புதல் என்று சீட்டுக்கு ஒன்று. ஆசிரியர்கள் சிறு குழுக்களாக அமர்ந்து, அவற்றை வைத்துக் கதை கட்டினார்கள்.

நாங்கள் பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டிச் சீட்டு செய்தோம். முதலில் எழுதவில்லை. தெரிந்த கதைகளை எடுத்து, எந்த இடத்தில் எந்தச் சீட்டு என்று வைத்துப் பார்த்தோம். கதையைப் புரிந்துகொள்வது என்பது இதுதான் என்று அன்று தோன்றியது. பொம்மையைப் பிரித்துப் பார்த்த பிள்ளைக்குத்தான் அது எப்படி ஆடுகிறது என்று தெரியும். பிரித்துப் பார்த்த பிறகு அந்த மாணவியின் அரைப் பக்கத்துக்குத் திரும்பினோம். எந்தச் சீட்டு இல்லை என்று கேட்டேன். பின் வரிசையிலிருந்து ஒரு பையன் சொன்னான்: “டீச்சர், மிஷினைத் திறக்கக் கூடாதுன்னு யாராவது சொல்லியிருக்கணும்.”

அவ்வளவுதான், கதை நடக்கத் தொடங்கியது. அம்மா திறக்கக் கூடாது என்றாள். மகள் திறந்தாள். தவளை குதித்து ஓடியது, மிஷின் நின்றது, மழையும் நின்றது. தேடிப் போன மகள் வழியில் ஒரு கிழவியின் கிழிந்த முந்தானையைத் தைத்துக் கொடுத்தாள். கிழவி ஓர் ஊசி கொடுத்தாள். அந்த ஊசி ஒரு பாழுங்கிணற்றுப் பக்கம் திரும்பி நின்றது. கிணற்றுக்குள் என்ன நடந்தது என்பதை மாணவி மூன்று பக்கம் எழுதியிருந்தாள். அந்த மூன்று பக்கத்துக்கு எந்தச் சீட்டும் உதவவில்லை. அவை முழுக்க அவளுடையவை.

சீட்டு கொடுத்தால் எல்லாக் கதைகளும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் ஆகிவிடாதா என்று ஆசிரிய நண்பர்கள் கேட்கிறார்கள். வேற்றுமை எட்டுத்தான் என்பதால் தமிழில் எல்லோரும் ஒரே வாக்கியத்தையா பேசுகிறோம்? தேர்வில் வரும் ‘குறிப்புகளைக் கொண்டு கதை எழுதுக’ என்ற வினாவில் யார், எங்கே, என்ன முடிவு எல்லாமே முன்கூட்டித் தரப்பட்டுவிடுகின்றன. பிள்ளைக்கு மிஞ்சுவது இடைவெளியை நிரப்பும் வேலை. சீட்டு ‘யாரோ ஒன்றைத் தடுக்கிறார்’ என்று மட்டும் சொல்கிறது. யார், எதை, ஏன் என்ற மூன்றையும் பிள்ளையிடமே விட்டுவிடுகிறது.

இந்த வாரம் வீட்டில் செய்து பாருங்கள். இருவர் தனித்தனித் தாளில் ஆளுக்கு ஒரு பொருளின் பெயரை எழுதுங்கள். மூன்று உருபுகளை மாற்றிப் போடுங்கள். பிள்ளைக்குப் பிடித்ததைப் பிள்ளையே எடுக்கட்டும். கதை நின்றால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “என்ன செய்யக் கூடாதுன்னு யார் சொன்னாங்க?” முடிந்ததும் தயவுசெய்து நீதி கேட்காதீர்கள்.

அந்த மாணவி கதையை வாசித்து முடித்தபோது நானும் கேட்கவில்லை. கிணற்றிலிருந்து வந்த தவளை மறுபடியும் மிஷினுக்குள் போகச் சம்மதித்ததா என்று முன் வரிசைப் பெண் கேட்டாள். “அது அம்மாவைத்தான் கேட்கணும்” என்று சொல்லிவிட்டு, கதை எழுதியவள் உட்கார்ந்து அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

(அடுத்த வாரம்: சிவப்புத் தொப்பியை மஞ்சளாக்கினால்? தெரிந்த கதையைத் தப்பாகச் சொல்லும் விளையாட்டு)