தீவக நோயாளியின் கையிலுள்ள கடிதம்

மலத்துடன் குருதி போவதை எம்மவர் எளிதில் வெளியே சொல்வதில்லை. சொன்னாலும் அதற்கு மூலம் என்ற ஒரு பெயரே உண்டு. நாட்டு மருந்திலும் கடையில் வாங்கும் களிம்பிலும் மாதங்கள் கழிந்துவிடும். உடல் மெலிந்தால் விரதமென்றும் நோன்பென்றும் காரணம் கண்டுபிடிப்போம். பெரும்பாலான குருதிப்போக்கு மூலத்தினால் ஏற்படுவதுதான் என்பது உண்மை. ஆனால் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயும் இதே அடையாளத்துடன்தான் வருகின்றது. 2020ஆம் ஆண்டில் உலகில் 19 இலட்சத்துக்கும் அதிகமானோருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. குடலைத் தாண்டாத நிலையில் கண்டுபிடிக்கப்பட்டால் பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேர் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்கின்றனர். வேறு உறுப்புகளுக்குப் பரவிய பின்னரோ ஏழு பேரில் ஒருவரளவிலேயே அவ்வாறு வாழ்கின்றார்.

எனவே முதலில் காணும் வைத்தியர் எழுதும் கடிதம் உயிர் காக்கும் கடிதமாகின்றது. இங்கிலாந்தில் குடும்ப வைத்தியர் புற்றுநோயைச் சந்தேகித்தால் இரு வாரங்களுக்குள் விசேட வைத்தியர் பார்க்க வேண்டுமென்ற விதி 2000ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. 2023 ஒக்டோபரில் அது மாற்றப்பட்டு, நோய் உண்டா இல்லையா என்பதை 28 நாட்களுக்குள் நோயாளிக்கு அறிவிக்க வேண்டுமென்பதே அளவுகோலாயிற்று. மலத்தில் மறைந்துள்ள குருதியை அளக்கும் பரிசோதனையின் முடிவும் இப்போது கடிதத்துடன் செல்கின்றது.

எமது நாட்டில் எவரும் கடிதமின்றியே யாழ். போதனா வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குச் செல்லலாம். ஏழைகளுக்கு இது பெரும் வாய்ப்பு. அதனைக் குறைகூற நாம் முன்வரவில்லை. எனினும் கடிதத்தின் மதிப்பு இதனால் குன்றிவிட்டது. ‘மேலதிக சிகிச்சைக்காக’ என்ற ஒற்றை வரியுடன் வரும் தாளில் அவசரத்தை யார் கண்டுகொள்வார்?

தீவகத்தில் இதன் விளைவு கடுமையானது. ஊர்காவற்றுறைக்கும் வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் தரைவழி உண்டு. நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு மக்களுக்குக் கடலே பாதை. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம்; அங்கிருந்து யாழ். நகருக்குச் சுமார் 30 கிலோமீற்றர். வாடையிலும் சோழகத்திலும் கடல் கொந்தளித்தால் படகும் இல்லை.

குடலின் உட்புறத்தைக் கருவியால் பார்க்கும் கொலனோஸ்கோபி பரிசோதனையை எண்ணிப் பாருங்கள். அதற்கு முன்னர் மருந்து குடித்துக் குடலை முற்றாகக் கழுவ வேண்டும். பல மணி நேரம் மலசலகூடத்தை விட்டு அகல முடியாது. அந்நிலையில் முதியவர் ஒருவர் விடியற்காலைப் படகில் ஏறுவது எங்ஙனம்? பட்டினத்தில் உறவினர் வீடு உள்ளவர் தப்பினார். இல்லாதவர் திகதியைக் கைவிடுகின்றார். திகதி தவறியவரை அக்கறையற்றவர் என்று குறிப்பெழுதுவது அநீதி.

இன்னொன்றையும் கூற வேண்டியுள்ளது. குடலின் வலப்புறத்தில் தோன்றும் கட்டி கண்ணுக்குத் தெரியாமலே குருதி கசியச் செய்யும். நோயாளி களைப்பு என்றுதான் வருவார். குருதிச்சோகை என இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கப்படும்; அம்மாத்திரையாலும் மலம் கறுக்குமாதலால் கசிவின் கறுப்பு பிரித்தறியப்படாமற் போகலாம். முதிய ஆணுக்கோ, மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இரும்புச்சத்துக் குறைந்தால் குருதி எங்கே போகின்றதென்று தேடியாக வேண்டும். கையுறை அணிந்த விரலால் மலக்குடலைச் சோதிப்பதற்குச் சில நிமிடங்களே போதும். தமிழ்ப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் இதற்குக் கூசுவது இயல்பே. ஒரு திரையும், உடனிருக்கப் பெண் தாதி ஒருவரும், இயலுமான இடத்தில் பெண் வைத்தியரும் இருந்தால் அத்தயக்கம் பெரிதும் நீங்கும்.

2013இல் திறக்கப்பட்ட தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை வடக்கில் இருக்கின்றது. அங்கு சென்றுசேரும் வழியே தீவகத்தாருக்குச் சீராக வேண்டும். வயது, எத்தனை வாரமாகக் குருதி அல்லது வயிற்றுப்போக்கு, ஈமோகுளோபின் அளவு, விரற்சோதனையின் முடிவு, குடும்பத்தில் எவருக்கேனும் இந்நோய் வந்ததா என்பவற்றுடன் ‘புற்றுநோய்ச் சந்தேகம், அவசரம்’ எனத் தெளிவாக எழுதிய கடிதம் தேவை. நோயாளி படகேறுமுன் தீவு வைத்தியரே தொலைபேசியில் சத்திரசிகிச்சைக் கிளினிக்குடன் பேசித் திகதி பெறலாம். கடல் கடந்து வருவோரை முதல் நாளே விடுதியில் அனுமதித்துக் குடலைக் கழுவும் மருந்தை அங்கேயே கொடுக்கலாம். படகு ஓடாத காரணத்தால் திகதி தவறினால், வரிசையின் இறுதிக்குத் தள்ளாமல் கடல் தணிந்த அடுத்த கிளினிக் நாளிலேயே இடம் தரப்பட வேண்டும்.