கவசம் இருந்தால் மட்டும் போதுமா?

அறுவடைக் காலத்தில் அவலூர்பேட்டை மண்டிகளில் நெல் மூட்டையும் மணிலா மூட்டையும் கூரை வரை அடுக்கப்படுகின்றன. மூட்டை உள்ள இடத்தில் எலியும் உண்டு. எலி ஒயரைக் கடித்துவிடும் என்று நம்மில் பலர் குடோன் விளக்குகளுக்கு இரும்புக் கம்பி சுற்றிய ஆர்மர்டு கேபிள் போட்டிருக்கிறோம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தக் கவசம் மட்டும் ஆளைக் காப்பாற்றாது என்பதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் குடோனில் மூட்டை மேல் ஏறிய தொழிலாளியின் கை விளக்கின் தகர மூடியில் பட்டது. ஷாக் அடித்துக் கீழே விழுந்தார். காலிச் சாக்குகள் மேல் விழுந்ததால் பிழைத்தார். கழற்றிப் பார்த்தால், கேபிள் நுனியில் கிளாண்டு இல்லை. வெட்டிய இரும்புக் கம்பியின் முனை உள் ஒயரின் உறையைக் கிழித்திருந்தது. கவசத்துக்கும் விளக்குக்கும் எர்த் கொடுக்காததால் பியூஸ் போகவில்லை. மிச்சம் பிடித்தது கிளாண்டு விலையும் சில அடி எர்த் ஒயரும்தான்.

ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்:

1. கேபிளின் இரு நுனியிலும் அளவான கிளாண்டு வேண்டும். கவசக் கம்பிகளை விரித்து அதனுள் இறுக்க வேண்டும்.

2. கவசம், விளக்கின் உலோகப் பாகம் இரண்டுக்கும் எர்த் கட்டாயம். கவசத்தை மட்டும் நம்பாமல் தனி எர்த் ஒயரும் இழுப்பது நல்லது.

3. ஒரு லைட் சர்க்யூட்டில் 10 பாயிண்டுக்கும் 800 வாட்டுக்கும் மேல் கூடாது.

4. கேபிளை ஒடித்து வளைக்கக் கூடாது. வளைவின் ஆரம் கேபிள் விட்டத்தைப் போல் 12 மடங்காவது இருக்கட்டும். மண்ணில் புதைத்தால் 75 செ.மீ. ஆழம் வேண்டும்.

5. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்தி, அதன் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

பல்பு, சுவிட்ச் மாற்றுவது போன்ற சிறு வேலை தவிர மற்ற ஒயரிங் வேலைகளை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரே செய்ய வேண்டும் என்பது 1956 இந்திய மின்சார விதிகளிலேயே உண்டு. மத்திய மின்சார ஆணையத்தின் 2010, 2023 ஒழுங்குமுறைகளும் அதையே சொல்கின்றன.

ஒரு மூட்டை கடன் கொடுக்கவும் நாலு பேரிடம் விசாரிக்கும் நாம், ஒயரிங் செய்ய வருபவரிடம் சான்றிதழைக் கேட்கக் கூச்சப்படுகிறோம். கேட்போம். சரக்கு நட்டமானால் அடுத்த பட்டத்தில் ஈடுகட்டலாம்; நம்மை நம்பி மூட்டை தூக்க வருபவரின் உயிருக்கு ஈடு இல்லை.