சாயப்பட்டறைகளைச் சேர்த்துவைத்த தேவை

கூட்டு முயற்சியில் மக்கள் சேரப் பல காரணங்கள் உண்டு. தனியாகச் சமாளிக்க முடியாது என்ற நெருக்கடி அவற்றில் மிக வலுவானது. திருப்பூரில் இதைக் காணலாம். அங்கு நொய்யல் ஆற்றில் கலந்த சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிப் பாசன நிலங்களைப் பாழாக்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. குன்னத்தூர் போன்ற சுற்றுவட்டார ஊர்களிலிருந்து பனியன் கம்பெனிக்குப் போகும் குடும்பங்களின் பிழைப்பும் அந்தத் தொழிலை நம்பியதே.

மீண்டும் இயங்கத் தேவையான, கழிவுநீரை முழுதும் மீட்கும் இயந்திரங்களைச் சிறு பட்டறை தனியே வாங்க இயலாது. எனவே தொழிலில் போட்டியாளர்களே பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் பங்குதாரர்கள். கழிவுநீர் உயிரியல் முறையில் சுத்தமாகி, உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. சவ்வுகளைக் கடக்கிறது, எஞ்சும் உப்புநீர் எவாப்பரேட்டரில் காய்ச்சப்படுகிறது. நீரும் உப்பும் மறுபடி சாயமேற்றவே பயன்படுகின்றன. அவரவர் அனுப்பும் அளவை மீட்டர் காட்டிவிடுவதால், அடுத்தவர் செலவில் குளிர்காய வழியில்லை. கூட்டு நிலைக்க, யாரும் ஏமாற்ற முடியாது என்ற இந்த நம்பிக்கை இன்றியமையாதது.

இதற்கு மாறாக, அதே ஊரில் 2015இல் தொடங்கிய ‘வனத்துக்குள் திருப்பூர்’ மரம் நடும் இயக்கத்தில் கட்டாயமே இல்லை. நிலம் உள்ளவர் இடம் தருகிறார். மற்றவர்கள் கன்றும் பணமும் தருகிறார்கள். நட்டது வளர்வதைக் கண்ணால் காண்பதே அங்கு பெரிய ஊக்கம்.